யார் இந்த ராபர்ட் வைட்? நீலகிரி மூங்கிலுக்கு இவர் பெயர் வந்தது எப்படி?

ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கு நடந்தே போகக்கூடிய காலம் ஒன்று இருந்தது. பனியுகத்தில் கடல் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. அப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம்தான்.

இன்று நடுவில் கடல். ஆனாலும் இரண்டு பக்கத்து மலைகளுக்கும் பொதுவான ஒரு மூங்கில் பேரினம் இருக்கிறது. பெயர் 'குருனா'. மேகம் தவழும் மலைக்காடுகளில் வளரும் இது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இதில் நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் உள்ள வகைக்கு 'குருனா வைட்டியானா' என்று பெயர். யார் இந்த வைட்?

மருத்துவராக வந்தவர்

ஸ்காட்லாந்தில் 1796-ல் பிறந்தவர் ராபர்ட் வைட். கிழக்கிந்திய கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக 1819-ல் இந்தியா வந்தார். செடிகள் மேல் இருந்த ஆர்வத்தால், 1826-ல் சென்னை மாகாண இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. ஆனா, ரெண்டே வருஷம்தான்! 1828-ல் அந்தப் பதவியையே ரத்து செய்த அரசு, அவரை நாகப்பட்டினத்துக்கு ராணுவ மருத்துவராக அனுப்பியது.

2 டன் செடிகள்

பதவி போனாலும் வைட் செடி சேகரிப்பதை விடவில்லை. 1831-ல் விடுப்பில் ஊருக்குக் கப்பல் ஏறியபோது, அவருடன் போனவை சுமார் 1 லட்சம் உலர்செடி மாதிரிகள். எடை 2 டன்! அவற்றை ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். மலை மூங்கிலுக்கு அவர் பெயரைச் சூட்டியவர் ஜெர்மன் தாவரவியலாளர் நீஸ்.

1834-ல் திரும்பி வந்த வைட், பாளையங்கோட்டையில் பணியாற்றினார். பிறகு கோவையில் பருத்திச் சோதனைகளைக் கவனித்தார். 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரங்கள் பற்றி 2,101 படங்களுடன் 6 தொகுதிகள் வெளியிட்டார். 1853-ல் இங்கிலாந்து திரும்பியவர், 1872-ல் மறைந்தார்.

படம் வரைந்தவர்கள் யார்?

அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். நன்றி மறக்காத வைட், ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார்.

ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தச் செடியை 'டிரோபிடியா' என்ற வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். மூங்கிலின் பேரினப் பெயரும் பலமுறை மாறி, 2014-ல்தான் 'குருனா' ஆனது. ஆனாலும் 'வைட்டியானா' அப்படியே இருக்கிறது. கோவிந்துவின் பெயரைத் தாங்கிய பேரினம்தான் இன்று புழக்கத்தில் இல்லை.