நோயாளியை விட்டு ஓடாத புனிதர்



ஒவ்வோர் ஆண்டும் தை மாதம் 16ஆம் திகதி நம் நாட்டுத் திருச்சபை புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடி மகிழ்கின்றது. அவர் கண்டியிலே மழையை வேண்டிப் பெற்ற புதுமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டறியாத பிள்ளைகள் நம் இரத்தினபுரி மறைமாவட்டத்தில் மிகச் சிலராகவே இருப்பர். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டில் அவர் செய்த வேறொரு காரியத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலே கண்ணைக் கவரும் புதுமை ஒன்றும் இல்லை. தண்ணீர் சுமந்தார், உணவு கொண்டு போய்க் கொடுத்தார், புண் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார், இவ்வளவுதான். ஆயினும், நோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் அயலவரின் வாசலைக் கடக்கவும் அஞ்சுகின்ற நமக்கு, அந்த மழையிலும் பார்க்க இதுவே பெரிய பாடம் என்று தோன்றுகின்றது. ஆகவே இவ்வாரம் அவருடைய வாழ்வை இந்தப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

இந்தியாவின் மேற்குக் கரையில் உள்ள கோவாவில், பெனாலிம் என்னும் கிராமத்தில், 1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி யோசேவாஸ் பிறந்தார். கொங்கணி மொழி பேசும் பக்தியுள்ள குடும்பம் அது. 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் கன்னட நாட்டுக் கரையோரத்தில் சில ஆண்டுகள் மறைப்பணி புரிந்து திரும்பி, 1685ஆம் ஆண்டில் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய கோவாக் குருக்களின் சபையிலே சேர்ந்தார்.

அந்நாட்களில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை மிகப் பரிதாபமானது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். குருக்கள் துரத்தப்பட்டார்கள். கோவில்கள் பறிக்கப்பட்டன. ஒளித்து வைத்துக் குருவானவர் ஒருவருக்கு இடங்கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் ஆளின்றி மக்கள் தவித்தனர். இதைக் கேள்விப்பட்ட யோசேவாஸ் அடிகளார், குருவுக்குரிய உடையைக் களைந்து கூலியாள் வேடம் பூண்டு, யோவான் என்ற தம் பணியாளனோடு புறப்பட்டார். தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து தோணியேறி, 1687ஆம் ஆண்டில் இந்நாட்டை அடைந்தார்.

வந்தவரை வரவேற்றது யார் தெரியுமா? நோய்தான். கடற்பயணத்தின் பசியும் தாகமும் உடலை முறித்துப் போட, யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அடிகளார் கடும் வயிற்றோட்டத்தினால் படுத்துவிட்டார். அறிமுகமானவர் ஒருவரும் இல்லை. கந்தையுடுத்திய பரதேசி ஒருவர் நோயோடு கிடந்தால் யார் கிட்டே போவார்கள்? ஆனால் இரக்கமுள்ள ஒரு பெண் அவருக்குக் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சியைக் குடித்து அவர் பிழைத்தெழுந்தார். தாம் பசியாற்றுவது ஒரு குருவானவரை என்று அந்தப் பெண் அறியாள். இலங்கைத் திருச்சபை மீண்டும் எழும்பியதற்கு ஒரு கஞ்சிச் சட்டியும் காரணமாயிருந்தது என்பதை, வாசகர்களே, மறவாதீர்கள். அடிகளாரும் அதை மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சாட்சி.

குணமடைந்த பின், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு யார் முகம் மலர்கின்றது என்று பார்த்துப் பார்த்தே கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். சில்லாலையைத் தளமாக வைத்து இரவிலே திருப்பலி நிறைவேற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் வந்து வளைத்துக்கொண்டனர், மக்கள் பலர் பிடிபட்டனர், அடிகளார் தப்பினார். அதன்பின் கண்டி அரசனின் ஆளுகைக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற குற்றச்சாட்டின் பேரில் அங்கே சிறையிலிடப்பட்டார். நாளடைவில் அவருடைய நற்குணத்தைக் கண்டு காவல் தளர்ந்தது. 1696இல் கொடிய வறட்சி வந்தபோது அவர் செபித்து மழை பெற்றதாக மரபு கூறுகின்றது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவர்மேல் மதிப்புக் கொண்டான்.

கண்டியில் வைசூரி

மறு ஆண்டு, 1697. கண்டி நகரிலே வைசூரி என்னும் பெரியம்மை பரவியது.

இன்றைய பிள்ளைகளுக்கு வைசூரி என்றால் என்னவென்று தெரியாது. அது ஆண்டவர் நமக்குத் தந்த பாக்கியம். முதலில் கடுங்காய்ச்சல். பிறகு உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள். பலர் இறந்தனர், பிழைத்தவர்களும் முகமெல்லாம் தழும்போடு, சிலர் கண்பார்வையும் இழந்து வாழ்ந்தனர். நோயாளியின் மூச்சினாலும் அவர் உடுத்த துணியினாலும் அது அடுத்தவருக்குத் தொற்றும். இங்கிலாந்து வைத்தியர் எட்வர்ட் ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைச் சோதித்துக் காட்டியது 1796இல்தான். ஆகவே அடிகளாரின் காலத்தில் அம்மைப்பால் குத்தும் வழி இல்லை; ஓடுவது ஒன்றே வழி என்று மக்கள் எண்ணினர்.

எல்லாரும் ஓடினார்கள். மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினர். ஒரு வீட்டில் நோய் கண்டால், நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிலே விட்டுவிட்டு வந்தார்கள். பெற்ற பிள்ளையையும் விட்டார்கள், பெற்ற தாயையும் விட்டார்கள். தண்ணீர் கேட்டு முனகியவர்களுக்குப் பதில் சொல்ல யாருமில்லை. காட்டு விலங்குகள் வந்தாலும் விரட்ட ஆளில்லை.

அந்த நேரத்தில் அடிகளாரும், கோவாவிலிருந்து புதிதாக வந்திருந்த அவருடைய மருமகனான யோசேப்பு கர்வாலோ அடிகளாரும் கண்டியிலே தங்கினார்கள். காட்டுக்குள் சென்று நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர்கள்மேல் வெயிலும் மழையும் படாதபடி குடில் அமைத்துக் கொடுத்தார்கள். நகரிலே ஆட்கள் விட்டுப்போன வீடுகள் சும்மா கிடந்தன. அவற்றிலும் நோயாளிகளைக் கொண்டு வந்து கிடத்திப் பராமரித்தார்கள். சீழைக் கழுவினார்கள். உணவும் மருந்தும் கொடுத்தார்கள். இறந்தவர்களைக் கைவிடாமல் அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா, சைவரா என்று கேட்கவில்லை. நோயாளியா என்பதை மட்டுமே பார்த்தார்கள்.

நோய் தணிந்து மன்னன் திரும்பி வந்தபோது, இந்தக் குருவானவர் இல்லையேல் தலைநகரின் தெருக்களில் பிணங்களே கிடந்திருக்கும் என்பதை ஒத்துக்கொண்டான். அதன்பின் கண்டி இராச்சியத்தில் மறைப்பணி செய்ய அவருக்கு இருந்த தடைகள் பெரிதும் நீங்கின. நம் சப்ரகமுவையும் அந்த இராச்சியத்தின் பகுதியாகவே அன்று இருந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அஞ்சியவர்களைப் பழிக்கலாமா?

அன்றைய கண்டி மக்களைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது எளிது. ஆனால் சற்று நின்று யோசியுங்கள். அவர்கள் அஞ்சியதற்கு நியாயம் இருந்தது. தன் உடலைக் காப்பதும் பிள்ளைகளின் உயிரைக் காப்பதும் பாவமன்று. உடல் ஆண்டவர் தந்த கொடை. அவர்கள் செய்த பிழை வேறு. நோயைத் தங்கள் வீட்டிலிருந்து அகற்றுவதற்காக மனிதனையே அகற்றிவிட்டார்கள். தங்கள் திண்ணை சுத்தமானால் போதும் என்று நினைத்தார்கள். அந்தச் சுமை காட்டிலே யார் தலையில் விழுந்தது என்று பார்க்கவில்லை.

அடிகளாருக்கும் உயிர் ஒன்றுதான். அவரும் அந்த நோயின் கொடுமையை அறிந்தவரே. ஆனால் அவர் நோயைப்பற்றிய அக்கறையை நோயாளியின் பக்கத்திலே கொண்டு போய் வைத்தார். கழுவுவதும் துடைப்பதும் உணவூட்டுவதும் நிழல் கொடுப்பதுமாக அந்த அக்கறை அன்றாட வேலையாயிற்று.

நம் தோட்டங்களில்

இது முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளை மறந்துவிட்டோமா? பத்து வீடுகளுக்கு ஒரு குழாய், ஒரே வரிசைக் கழிப்பறை என்று வாழ்கின்ற லயத்திலே, விலகி நில்லுங்கள் என்ற கட்டளையை எப்படிக் கைக்கொள்வது என்று தவித்தோம். விலகி நின்றது சரி. முகக்கவசம் அணிந்ததும் கைகழுவியதும் சரி. ஆனால் நோய் தீர்ந்து வீடு திரும்பியவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டது சரியா? அவர் பிள்ளையோடு விளையாடக் கூடாதென்று நம் பிள்ளையை அடக்கியது சரியா? அவரவர் மனச்சாட்சி பதில் சொல்லட்டும்.

கண்டியில் நடந்த அதே பிழையைக் காய்ச்சல் இல்லாத நாளிலும் நாம் செய்கிறோம். மேட்டு லயத்துக் குப்பையைக் கூட்டிக் கானிலே தள்ளுகிறோம். நம் வாசல் சுத்தமாகின்றது. மழை பெய்ததும் அது பள்ளத்து லயத்தின் வாசலில் போய் நிற்கின்றது. அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து களுகங்கைக்கும் போகின்றது. வெள்ளம் வந்தால் அதே ஆறு அதைத் திருப்பிக் கொண்டு வருகின்றது. 2003இலும் 2017இலும் இரத்தினபுரி பட்ட வெள்ளத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் வயிற்றோட்டமும் எலிக்காய்ச்சலும் வரும் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

இயற்கையின் சிறு மாற்றமும் மனித உயிரைப் பறிக்கும் என்பதற்கு நம் சப்ரகமுவையே சாட்சி. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாக நின்றன. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகி மலேரியா பரவியது. நாடெங்கும் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். கேகாலைப் பகுதி மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. பல்லாண்டு கால உழைப்பின் பயனாக 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. வைசூரியும் 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. அம்மைப்பால் குத்தியவர்கள், குத்தக் கை நீட்டியவர்கள், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டவர்கள் ஆகிய இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் சேர்ந்தே இவற்றைச் சாதித்தார்கள்.

இன்று நம்மால் ஆவது

ஆகவே குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, சில சிறிய காரியங்களை இவ்வாரம் செய்வோம். குடிக்கின்ற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து மூடி வைப்போம். இறப்பர் தோட்டத்திலே பால் வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டையை மரத்திலேயே கவிழ்த்து வைப்போம். மழைநீர் நிற்கின்ற ஒரு சிரட்டை போதும், டெங்கு நுளம்பு முட்டையிட. பழைய டயரும் உடைந்த வாளியும் முற்றத்திலே கிடக்க விடாதிருப்போம். மாணிக்கக் குழியிலும் வயற்சேற்றிலும் இறங்குகின்றவர்கள் காலில் புண் இருந்தால் இறங்காதிருப்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப்பற்றிக் கேட்பதும் நன்று. சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே எங்கே வேலை செய்தவர் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

இவற்றைச் செய்யும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இது என் வாசலை மட்டும் காக்கின்றதா, அடுத்த வாசலையும் காக்கின்றதா? கானிலே தள்ளுகிற குப்பை என் வாசலை மட்டும் காக்கின்றது. கவிழ்த்து வைத்த சிரட்டை லயம் முழுவதையும் காக்கின்றது. முந்தியது நோயாளியைக் காட்டில் விட்டவர்களின் வழி. பிந்தியது அடிகளாரின் வழி.

அடிகளார் ஆயராகும்படி கேட்கப்பட்டபோது அதை ஏற்க மறுத்துவிட்டார். எளிய மறைப்பணியாளராகவே நடந்து திரிந்து, உடல் தளர்ந்து, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி கண்டியிலே உயிர் நீத்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்புக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே ஆண்டிலேதான் காலி மறைமாவட்டத்திலிருந்து நம் இரத்தினபுரி மறைமாவட்டம் பிரிந்து உருவாயிற்று. 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத் திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இனி ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலே, உங்கள் தெருவிலே, யாரும் எட்டிப் பாராத நோயாளி ஒருவர் இருப்பார். வயோதிபராக இருக்கலாம், காசநோய் என்று ஒதுக்கப்பட்டவராக இருக்கலாம். ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் வாசலில் சற்று நில்லுங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியர் சொன்ன எச்சரிக்கையைக் கைக்கொண்டே செல்லுங்கள், ஆனால் செல்லுங்கள். கையிலே கொஞ்சம் கஞ்சி இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலே ஒரு பெண் அதைத்தான் கொண்டு வந்தாள்.

புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.