முதலமைச்சரான பிறகு ஓட்டுக் கேட்டவர்

ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். பள்ளிகளில் அதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுவதால், நம் வளாகத்துப் பிள்ளைகளில் பலர் அன்று பேச்சுப் போட்டிக்குத் தயாராகியிருப்பார்கள். மதிய உணவு, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், அணைகள் எல்லாம் அந்தப் பேச்சுகளில் வந்துவிடும். அவற்றில் அதிகம் வராத ஒரு விஷயத்தை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. அது அவர் நின்ற தேர்தல்கள், குறிப்பாக 1954-ல் குடியாத்தத்தில் நின்ற இடைத்தேர்தல்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1903-ல் விருதுபட்டியில் பிறந்தார். அந்த ஊர்தான் இன்றைய விருதுநகர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார், படிப்பும் பாதியில் நின்றது, மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். கடையில் மனம் நிற்கவில்லை, காங்கிரஸில் நின்றது. 1930 உப்பு சத்தியாகிரகத்தில் முதல் சிறைவாசம். மொத்தத்தில் வாழ்நாளில் சுமார் 9 ஆண்டுகள் சிறையில் போயின. 1937-ல் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார்.

1941-ல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சிக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பியதும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். நாட்டு வேலையை வைத்துக்கொண்டு நகராட்சி நாற்காலியையும் பிடித்துக்கொண்டிருக்க அவருக்கு மனமில்லை. (பொருளாளர் பதவிக்கு ஆண்டுதோறும் ஆள் தேடும் நம் சங்கத்துக்கு இது நல்ல உதாரணம் அல்ல என்பது தெரியும்!)

இனி 1954. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் போக வேண்டும். 1952 பொதுத் தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லை. ஆட்சி அமைக்க ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அதன் வழியாக முதலமைச்சரானார். சட்டப்படி அது செல்லும். ஆனாலும் ஓட்டு வாங்காமல் வந்தவர் என்ற பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை. பிறகு அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே அதிருப்தி வளர்ந்தது. 1954-ல் ராஜாஜி விலகினார்.

அடுத்தவர் யார் என்று கட்சிக்குள் வாக்கெடுப்பு நடந்தது. காமராஜருக்கு 93, எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அமைச்சரவையில் அவரையும் சேர்த்து 8 பேர்தான். அந்த எட்டில் ஒருவர், தோற்ற சுப்பிரமணியம். இன்னொருவர், சுப்பிரமணியத்துக்கு ஆதரவாக நின்ற பக்தவத்சலம். அடுத்த மாதமே கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதைச் சட்டமன்றத்தில் அறிவித்ததும் சுப்பிரமணியம்தான்.

ஆனால் முதலமைச்சர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை! அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 6 மாதத்துக்குள் மாநிலத்தின் ஏதாவது ஒரு அவையில் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். மேலவைக் கதவு திறந்தே இருந்தது. பின்னாளில், 1967-ல், அண்ணாவும் மேலவை வழியாகத்தான் வந்தார். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் 1954-ன் சூழ்நிலை வேறு. முந்தைய முதலமைச்சர் மீது இருந்த முதல் குறையே அந்த வாசல்தான். காமராஜர் தேர்தலில் நிற்பதென்று முடிவு செய்தார்.

நின்ற இடம் குடியாத்தம். அவர் சொந்த ஊரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். உறவோ, சொந்த சாதியின் பலமோ அங்கே இல்லை. நெசவாளர்களும் பீடித் தொழிலாளர்களும் நிறைந்த ஊர் அது. எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. கே. கோதண்டராமன். தோற்றிருந்தால் முதலமைச்சர் பதவியே கேள்விக்குறியாகியிருக்கும். பதவிக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர் இப்படி ஒரு பந்தயத்துக்குப் போனது துணிச்சல்தான். கொஞ்சம் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கட்சியை 14 ஆண்டுகளாகக் கட்டி மேய்த்தவருக்குக் களம் தெரியாதா?

அந்தக் களத்தில் வேடிக்கையான கூட்டணி ஒன்று உருவானது. காங்கிரஸை ஆண்டாண்டாக எதிர்த்து வந்த பெரியார் காமராஜரை ஆதரித்தார். அண்ணாவின் தி.மு.க.வும் அவருக்கு எதிராக ஆள் நிறுத்தாமல் ஆதரவு தந்தது. கல்வித் திட்டத்தை எடுத்தவர் என்பதும், எளிய குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதும் கட்சிக் கோட்டைத் தாண்டி வேலை செய்தன. காமராஜர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். பதின்மூன்று ஆண்டு முன்பு கைதியாக இருந்த வேலூருக்குப் பக்கத்து ஊரே அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

1957-லும் 1962-லும் சாத்தூரில் வென்றார். 1963 அக்டோபர் 2 அன்று, கட்சி வேலைக்காகத் தானே முதலமைச்சர் பதவியை விட்டார். அகில இந்தியத் தலைவராகி, அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள் வருவதற்குக் காரணமாக இருந்தார்.

பிறகு 1967. சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரே தி.மு.க.வின் பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக அறியப்பட்ட இளைஞர். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்த தேர்தல் அது. யாரென்றே தெரியாத குடியாத்தம் அள்ளிக் கொடுத்ததை, பிறந்த ஊர் கொடுக்கவில்லை. 1,285 ஓட்டில் தோற்றார். ஒரு அடுக்குமாடி வளாகத்தில் இருக்கும் ஓட்டுகள்கூட இதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அவர் அதோடு ஒதுங்கவில்லை. 1969-ல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்றார். அதுவும் சொந்த ஊர் அல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 1971-லும் அங்கேயே வென்றார். 1975 அக்டோபர் 2 அன்று காலமானபோதும் அவர் நாகர்கோவிலின் உறுப்பினர்தான்.

சென்னையில் அவர் கடைசிவரை இருந்தது தி. நகர், திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில். இப்போது அது அரசு நினைவில்லம். பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அங்கே அழைத்துப் போகலாம்.