யன்னலருகே நின்ற அரசகுமாரி



தாவீது அரசரை அறியாத கத்தோலிக்க வீடு எம்மிடையே இருக்க முடியாது. கோலியாத்தை வீழ்த்திய கவண்கல்லையும், யோனத்தானோடு கொண்ட நட்பையும், பெத்சேபாவை முன்னிட்டு அவர் செய்த பாவத்தையும் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளே ஒப்புவிப்பார்கள். ஆனால் அவருடைய முதல் மனைவி யாரென்று கேட்டுப்பாருங்கள். வீட்டுப் பெரியவர்களும் சற்று யோசிப்பார்கள். மீக்கால் என்ற பெயர் தெரிந்தவர்களோ, பேழைக்கு முன் ஆடிய கணவனை இகழ்ந்து, பிள்ளையில்லாமல் இறந்துபோன செருக்குக்காரி என்றே அவளை நினைவில் வைத்திருப்பார்கள். பிரசங்கங்களிலும் நீங்கள் அப்படியே கேட்டிருக்கக்கூடும். அந்தத் தீர்ப்பு நியாயந்தானா? சாமுவேலின் இரண்டு ஆகமங்களும் அவளைப்பற்றிச் சொல்லுவதை முதலிலிருந்து பாருங்கள்.

இஸ்ராயேலின் முதல் அரசர் சவுலின் இளைய மகள் இவள். காலம் கி.மு. 1000 ஆண்டையொட்டியது. அரசகுமாரி என்றதும் பளிங்கு மாளிகையை நினைத்துவிடாதீர்கள். சவுலின் ஊராகிய கிபயா, பெஞ்சமின் குலத்தாரின் மலையூர். அரசராகத் தெரிவு செய்யப்பட்ட பின்னரும் வயலிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர். அந்த வீட்டுக்குத்தான், அரசரின் மனக்கலக்கம் தீர யாழ் மீட்டுவதற்கென்று, பெத்லகேம் ஈசாயின் கடைசி மகன் வந்து சேர்ந்தார். ஆடு மேய்த்த இளைஞர். சிவந்த மேனி, அழகிய கண்கள். போரில் வென்று திரும்பியபோது ஊர்ப் பெண்களெல்லாம் அவர் புகழைப் பாடி ஆடினார்கள். அந்தப் பாட்டு தகப்பன் நெஞ்சில் பொறாமையை மூட்டியது. மகள் நெஞ்சில் வேறொன்றை மூட்டியிருந்தது.

மீக்கால் தாவீதை நேசித்தாள் என்று வேதாகமம் வெளிப்படையாகச் சொல்லுகிறது, அதுவும் இரண்டு முறை. பழைய ஏற்பாட்டின் வரலாற்று நூல்களில் ஒரு பெண் ஓர் ஆணை நேசித்தாள் என்று எழுதப்பட்டிருப்பது இவளைப்பற்றி மாத்திரமே. ஆண்கள் பெண்களை நேசித்ததாகப் பல இடங்களில் உண்டு. யாக்கோபு இராக்கேலுக்காக ஏழு வருடம் உழைத்ததை நாம் அறிவோம். பெண்ணின் மனத்தை அறிய அந்நாளில் எவரும் முயலவில்லை.

சவுல் அறிந்தார். அறிந்து மகிழ்ந்தார். ஆனால் அது ஒரு தகப்பனின் மகிழ்ச்சியல்ல. மூத்தவள் மேராபைத் தாவீதுக்குத் தருவதாகச் சொல்லி, நாள் வந்தபோது அத்ரியேல் என்பவனுக்குக் கொடுத்துவிட்டவர் அவர். இப்போது இளையவளின் காதலைக் கண்ணியாக வைத்தார். மாப்பிள்ளை பெண்ணின் தகப்பனுக்குப் பரியம் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். எங்கள் சீதனத்துக்கு அது நேரெதிர்; என்றாலும் பிள்ளையின் மனத்தை விலைபேசுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சவுல் பொன் கேட்கவில்லை. நூறு பெலிஸ்தியரைக் கொன்றதற்கு அடையாளம் கேட்டார். அந்தச் சண்டையிலே மாப்பிள்ளை மடிந்துபோவார் என்பது கணக்கு. தாவீது இருநூறு பேரைக் கொன்று வந்து நின்றார். கலியாணம் நடந்தது.

இங்கே ஒன்றை அவதானியுங்கள். தாவீதுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருந்ததாக எழுதியிருக்கிறது. பிடித்தது அரசரின் மருமகனாவது. அவர் மீக்காலை நேசித்தார் என்று ஓரிடத்திலும் இல்லை.

அதன்பின் ஓர் இரவு. விடியும்போது தாவீதைக் கொல்லுவதற்குச் சவுலின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்து காத்திருந்தார்கள். தப்பாவிட்டால் காலையில் சாவு என்று கணவனுக்குச் சொன்னவளும், யன்னல் வழியாக அவரை இறக்கிவிட்டவளும் மீக்காலே. வீட்டிலிருந்த ஒரு சிலையைக் கட்டிலிற் கிடத்தி, தலைமாட்டில் ஆட்டுமயிரை வைத்து, போர்வையால் மூடினாள். (தாவீதின் வீட்டில் சிலை எப்படி வந்தது என்று வேதாகம விரிவுரையாளர் இன்றும் தலையைச் சொறிகிறார்கள்.) வந்தவர்களிடம் கணவர் நோயாய்க் கிடக்கிறார் என்றாள். கட்டிலோடு தூக்கிவரச் சொன்னார் சவுல். சூது வெளிப்பட்டபோது, உதவாவிட்டால் கொன்றுவிடுவதாகத் தாவீது மிரட்டினார் என்று சொல்லித் தன் உயிரைக் காத்துக்கொண்டாள். முதல்நாள்வரை தகப்பன் வீட்டுப் பிள்ளையாயிருந்தவள் அந்த ஓரிரவில் முதிர்ந்துவிட்டாள்.

தாவீது ஓடிப்போனார். யோனத்தானை மறைவாகச் சந்தித்து, இருவரும் கட்டித்தழுவி அழுதார்கள். தம் தாய் தகப்பனைப் பத்திரமாக மோவாபு அரசனிடம் கொண்டுபோய் விட்டார். மனைவியைக் கூட்டிப்போக வந்ததாக எழுதியில்லை. பாலைநிலத்தில் அலைந்த காலத்திலேயே அபிகாயிலையும் இன்னொருத்தியையும் மணந்தார். சவுலோ மீக்காலைக் கல்லீம் ஊர் இலாயிசின் மகன் பல்திக்குக் கட்டிக்கொடுத்தார். அவளைக் கேட்டா கொடுத்தார்கள்?

வருடங்கள் போயின. கில்போவா மலையில் சவுலும் மூன்று மக்களும் மாண்டார்கள். தாவீது எப்ரோனில் யூதாவின் அரசரானார். அங்கே 7 வருடமும் 6 மாதமும் ஆண்டார். வடக்கே மீக்காலின் சகோதரன் இஸ்பொசேத்து பெயருக்கு அரசன். ஆட்டிவைத்தவன் படைத்தலைவன் அப்னேர். அந்த அப்னேர் தாவீதோடு சேர விரும்பியபோது, மீக்கால் வராமல் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றார் தாவீது. சவுலின் மகள் பக்கத்திலிருந்தால் வடநாட்டாரும் அவரை அரசராக ஏற்பார்கள். கட்டளை போட்டு அவளைப் பிடுங்கி அனுப்பியவன் கூடப்பிறந்த சகோதரன்.

பல்தி அழுதுகொண்டே அவள் பின்னால் நடந்தான். யெருசலேமுக்கு அருகே பகூரிம் வரைக்கும் நடந்தான். திரும்பிப் போ என்று அப்னேர் அதட்டியபோது திரும்பினான். அவளுக்குக் கணவனாயிருந்த காலமெல்லாம் நடுவே வாளை வைத்துக்கொண்டுதான் படுத்தான் என்று தல்மூதில் யூத போதகர்கள் ஒரு கதை சொல்லுகிறார்கள். தாவீதின் மானத்தைக் காக்கப் பிறந்த கதைபோலவே எனக்குத் தோன்றுகிறது. வேதாகமம் நமக்குக் காட்டுவது அவன் கண்ணீரை மாத்திரம். மீக்காலுக்காக ஒருவர் அழுததாக எழுதப்பட்டிருப்பதும் அந்த ஓரிடத்தில்தான். அவள் போய்ச் சேர்ந்த எப்ரோனிலோ தாவீதுக்கு ஆறு மனைவியரும் ஆறு ஆண்மக்களும் இருந்தார்கள்.

இவ்வளவும் நடந்த பின்புதான் பேழை யெருசலேமுக்கு வருகிறது. தாவீது நார்ப்பட்டு ஏபோது அணிந்து ஆண்டவர் முன் முழுவலிமையோடு ஆடினார். மீக்கால் யன்னல் வழியாகப் பார்த்தாள். முன்பு யன்னலால் அவரை இறக்கிவிட்ட அதே பெண், இப்போது உள்ளத்தில் அவரை இகழ்ந்தாள். இரட்டைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் மூன்றாம் வாரச் செவ்வாய்ப் பூசையில் இந்தப் பகுதியை வாசிக்கிறோம். ஆனால் அவள் வருகின்ற 16-ஆம் வசனம் அதில் விடப்பட்டிருக்கிறது. வீட்டில் வேதாகமத்தை எடுத்து 2 சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அங்கே அவள் தாவீதின் மனைவி என்று ஒருமுறையேனும் அழைக்கப்படவில்லை. மூன்று முறையும் சவுலின் மகள்.

அடிமைப் பெண்கள் காண அரசர் மானமிழந்து ஆடினார் என்று அவள் குத்திப் பேசியது சரியென்று நான் சொல்லவரவில்லை. தாவீதின் ஆட்டம் உண்மையான பக்தி. ஆனால் அவர் கொடுத்த மறுமொழியையும் பாருங்கள். உன் தகப்பனையும் அவர் வீட்டார் அனைவரையும் தள்ளிவிட்டு ஆண்டவர் என்னைத் தெரிந்துகொண்டார் என்றார். தகப்பனையும் யோனத்தானையும் கில்போவாவிலும், இஸ்பொசேத்தைக் கொலைகாரர் கையிலும் இழந்திருந்த பெண்ணுக்கு அது சொல்லப்பட்டது. சாகும்வரை அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதோடு அதிகாரம் முடிகிறது. கடவுள் தண்டித்தார் என்று அங்கே எழுதியில்லை. அந்தச் சண்டைக்குப்பின் இருவரும் சேர்ந்து வாழவில்லை என்பதே பொருளாகவும் இருக்கலாம்.

இன்னும் ஓரிடத்தில் அவள் பெயர் வருகிறது. மூன்று வருடப் பஞ்சத்தின்பின், சவுல் செய்த பழிக்கு ஈடாக அவர் வீட்டார் ஏழுபேரைத் தாவீது கிபயோனியர் கையில் ஒப்புவித்தார். ஐவர் அத்ரியேலின் மக்கள், அதாவது மேராபின் பிள்ளைகள். ஆனால் பெரும்பாலான எபிரேயப் பிரதிகளிலும், புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் அந்த இடத்தில் மீக்கால் என்றே இருக்கிறது. பிரதி எடுத்தவர் தவறு என்பார்கள் அறிஞர். யூத போதகர்களோ மேராபு பெற்றாள், மீக்கால் வளர்த்தாள் என்று விளக்கினார்கள். அந்த ஏழுபேரும் மலைமேல் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உடல்களைப் பறவையும் விலங்கும் தீண்டாதபடி, அறுவடை தொடங்கிய நாள் முதல் மழை பெய்யும்வரை, சவுலின் மறுமனைவி இரிஸ்பா பாறைமேல் சாக்கை விரித்துக் காவலிருந்தாள். அதைக் கேள்விப்பட்ட பின்னரே தாவீது சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுப்பித்து, பெஞ்சமின் நாட்டில் அவர்கள் முன்னோர் கல்லறையில் அடக்கம் செய்வித்தார்.