நீலத் தாளில் கடற்பாசி

நூல்களில் நிழற்படங்களைக் காண்பது இன்று நமக்குப் புதுமையன்று. ஆனால், நிழற்படங்களால் ஆன முதல் நூலை உருவாக்கியவர் ஒரு பெண்மணி என்பதை நம்மில் பலர் அறியோம். அவரே அன்னா அட்கின்ஸ் அம்மையார்.

இவர் 1799-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். அடுத்த ஆண்டே தாயை இழந்தார். விஞ்ஞானியான தந்தை ஜான் சில்ரன் தாயுமாகி வளர்த்தார். பெண்களுக்கு விஞ்ஞானம் எட்டாக்கனியாயிருந்த அக்காலத்தில், மகளைத் தம் ஆராய்ச்சிக்கே துணையாகப் பழக்கிய அத்தந்தையையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். அவர் மொழிபெயர்த்து 1823-ல் வெளியான சங்கு, சிப்பி பற்றிய நூலுக்கு அன்னா ஏறத்தாழ 250 படங்களைத் தம் கையாலேயே வரைந்து தந்தார். 1825-ல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரை மணந்தார்.

இத்துணைத் தேர்ந்த கைக்கும் ஒரு சோதனை வந்தது. 1841-ல் வில்லியம் ஹார்வி என்னும் அறிஞர் பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றி எழுதிய நூலில் படங்களே இல்லை. தலைமுடியினும் மெல்லிய பாசி இழைகளைப் பிழையின்றி வரைவது எங்ஙனம்? மறு ஆண்டே குடும்ப நண்பரான சர் ஜான் ஹெர்ஷல், சயனோடைப் என்னும் நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அன்னா தூரிகையை ஒதுக்கிவிட்டு அதைக் கற்கலானார்.

இதற்குக் காமிராவே வேண்டாம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்னும் இரண்டு உப்புகளையும் நீரில் கரைத்துக் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளின்மேல் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் பாசியைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். பிறகு நீரில் அலசினால் வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். பாசி மறைத்த இடம் வெண்மையாய் நிற்கும். நம் திண்டிவனத்து வெயிலுக்கு இது சில நிமிட வேலை. மேகம் மூடிய இங்கிலாந்திலோ சூரியனுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும்!

1843 அக்டோபரில் நூலின் முதல் பகுதி வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது 44. முழுவதும் முடிய மேலும் 10 ஆண்டுகள் ஆயின. ஏறத்தாழ 400 படங்கள்; ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். விளக்க எழுத்துகளும் அவருடைய கையெழுத்திலேயே நீலத் தாளில் பதிந்தன. பிரதிகளை நண்பர்களுக்கும் அறிவியல் கழகங்களுக்கும் வழங்கினார். பின்னர் தோழி ஆன் டிக்சனுடன் சேர்ந்து பெரணிச் செடிகளையும் இம்முறையில் பதித்தார். 1871 ஜூன் 9-ஆம் நாள் காலமானார்.

பொறியாளர்கள் கட்டட வரைபடங்களை நகலெடுத்த புளூபிரிண்ட் முறையும் இதுவே. அது உலகெங்கும் பரவியது. அன்னாவின் பெயரோ மறைந்தது. நூலில் அவர் 'ஏ. ஏ.' என்று மட்டுமே ஒப்பமிட்டிருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நூலைக் கண்ட வில்லியம் லாங் என்பவர், அவ்வெழுத்துகளுக்குப் பெயர் தெரியாத ஆர்வலர் என்றே பொருள் கொண்டாராம். அம்மையார் ஹெர்ஷலுக்கு அளித்த பிரதி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.