இருநூறின் பிரிவினைகளும் இராமானுசனும்

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22, வியாழனன்று பிறந்த ஆண்மகவுக்கு, ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த வைணவப் பெரியார் இராமானுசரின் திருப்பெயரைச் சூட்டினர். கும்பகோணத்தில் வளர்ந்த அப்பிள்ளைக்குக் கணிதத்தின்மீது இருந்த தீராப் பற்றே கல்லூரிக் கல்விக்குத் தடையாயிற்று. பிற பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார்; சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதித்தார். கண்ட வழி சிலேட்டோடு அழிந்தது.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய மடல் அவர் வாழ்வின் திசையை மாற்றியது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். அவர்தம் முடிவுகள் வியப்பை விளைத்தன. அவற்றுக்கு நிறுவல் எங்கே என்னும் வினாவும் உடன் எழுந்தது. அவ்வினாவுக்கு விடையாக அமைந்தவற்றுள் தலையாயது பிரிவினை எண் பற்றிய ஆய்வு.

நான்கு என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். யாப்பில் நேர்நிரை கூவிளம், நிரைநேர் புளிமா. அங்கு வரிசை மாறினால் சீரே மாறும். இங்கோ வரிசை பொருட்டன்று. பத்துக்கு 42 பிரிவினைகள், நூறுக்கோ 19,05,69,292. எண் சிறிது வளர, பிரிவினைகள் காட்டாறெனப் பெருகுகின்றன.

இராமானுசனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட சூத்திரம், முழு எண்களின் இக்கணக்கை வட்டத்திற்குரிய பை என்னும் விகிதத்தின் துணையால் அணுகியது. படைத்துறையில் பணியாற்றிய மேஜர் மக்மாகன், ஒன்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இருநூறு வரை கணக்கிட்டு அட்டவணை வகுத்தார். இருநூறுக்கு அவர் கண்ட விடை 39,72,99,90,29,388. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. சூத்திரத்தின் எட்டே உறுப்புகள் அதே எண்ணைத் தந்தன, பிழை 0.004 மட்டுமே.

அவ்வட்டவணையில் வேறொன்றும் இராமானுசன் கண்ணுக்குப் புலப்பட்டது. 4, 9, 14 என ஐந்தைந்தாய் உயரும் எண்களின் பிரிவினைத் தொகைகள் 5, 30, 135 என யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபட்டன. கண்டதோடு அமையாது, அது என்றென்றும் பொய்க்காதென நிறுவியும் காட்டினார்.

நோய் முற்றிய காலத்தின் உழைப்பு இது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டு அகவையில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். 1937இல் இராடமாக்கர் அச்சூத்திரத்தைப் பிழையற்றதாக்கி நிறைவு செய்தார்.

நாமகிரித் தாயாரின் அருளால் யாவும் தாமே வந்தன என்று அவரைப் போற்றுவோர் உளர். அருள் வந்த பின்னும் எண்ணிச் சரிபார்த்த உழைப்பை அந்த எண்ணின் பதின்மூன்று இலக்கங்களும் சாற்றுகின்றன. சொல்லை எண்ணி அடுக்குவோர் மறவாது போற்றத்தக்க வாழ்வு அது.