கச்சேரிக்கு வடிவம் தந்தவர்

கருநாடக இசையரங்கிற்கு முதன்முறையாகச் செல்வோர், அடுத்து என்ன வரும் என்றறியாமல் தடுமாறுவது இயல்பே. ஆயினும் அங்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதனை நிலைபெறச் செய்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்.

காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் 1890ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பிறந்த அவர், இளமையில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் இசை பயின்றார். நாமக்கல் என்றதும் மலைக்கோட்டையை நினைப்போம். கவிஞர் இராமலிங்கனாரை நினைப்போம். அரியக்குடியாரின் ஆசிரியருள் ஒருவர் அவ்வூர்ப் பெயரைத் தாங்கியவர் என்பதை நம் பகுதியினரே பெரிதும் அறிந்திலர். பின்னர் அவர் இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்தார். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். தியாகராசரின் மாணவ வழியில் வந்தவர்.

அந்நாளில் வித்துவான்கள் ஓர் இராகத்தையும் ஒரு பல்லவியையும் மணிக்கணக்கில் விரித்துப் பாடுவர். கற்றோர் அதில் திளைப்பர், மற்றையோர் சோர்வர். அரண்மனைகளிலிருந்தும் சமீன்களிலிருந்தும் இசை நகரத்துச் சபாக்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பலதரப்பட்ட மக்கள் ஓரிடத்தில் அமர்ந்து கேட்கலாயினர். அவர்களைக் கருத்திற்கொண்டு அரியக்குடியார் தம் கச்சேரியை வகுத்தார். விறுவிறுப்பான வர்ணம் முதலில் வரும். அடுத்துச் சிறு கீர்த்தனைகள் சில. செவி பழகியபின் ஓர் இராகத்தை ஆலாபனையால் விரித்து, அதற்குரிய கீர்த்தனையைப் பாடி, நிரவலும் கற்பனைச் சுரமும் சேர்ப்பார். மிருதங்கக் கலைஞர் தனி ஆவர்த்தனம் வாசிப்பார். இராகம் தானம் பல்லவியும் உரிய இடம் பெறும். இறுதியில் பதம், திருப்புகழ் போன்ற எளிய உருப்படிகள். பெரும்பாலும் மத்திம காலம் என்னும் நடுத்தர ஓட்டத்திலேயே அவர்தம் பாட்டு நடைபோடும்.

பழைய விரிவு இதனால் குறைந்தது உண்மையே. இழப்பே இல்லை என்று கூற இயலாது. ஆனால், இசை பயிலாத ஒருவரும் இறுதிவரை அமர்ந்து கேட்டார். அந்த ஆதாயம் பெரிதென்றே தோன்றுகிறது.

சென்னை மியூசிக் அகாதெமி 1938இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அளித்தது. இந்திய அரசு 1958இல் பத்ம பூஷண் வழங்கியது. பாலக்காட்டு கே.வி. நாராயணசுவாமி அவர்தம் மாணவருள் புகழ்மிக்கவர். 1967ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் அரியக்குடியார் மறைந்தார். ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதிற்கும் அவர் இசையமைத்திருந்தார். மார்கழித் திங்களில் பாடகர்கள் இன்றும் அம்மெட்டுகளிலேயே அவற்றைப் பாடி வருகின்றனர்.