அடிபட்ட நாளுக்கும் வருமானம்: டான்ஸ்ரீ மாணிக்கவாசகம் காலத்துச் சட்டம்

டான்ஸ்ரீ வி. மாணிக்கவாசகம் யார் என்று கேட்டால், ம.இ.கா.வின் ஆறாவது தலைவர் என்று பலரும் சொல்வார்கள். ஜொகூர், குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்து, பின்னர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்கு, அவர் தொழிலாளர் அமைச்சராக இருந்த ஆண்டுகள்தாம் முதலில் நினைவுக்கு வரும்.

1926இல் பிறந்த அவர், இளம் வயதிலேயே ம.இ.கா.வில் பொறுப்பேற்றார். கிள்ளான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1960களின் நடுவிலிருந்து 1974 வரை தொழிலாளர் அமைச்சு அவரிடம் இருந்தது.

அன்று தோட்டத்தில் மழையில் வழுக்கி விழுந்து, பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தால், அந்த வீட்டில் அடுப்பெரிவதே கேள்விக்குறியாகும். வேலைக்குப் போனால்தான் சம்பளம். தொழிலாளர் இழப்பீட்டுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால், அது முதலாளியை மட்டுமே பொறுப்பாக்கியது. எனவே, காயம்பட்டவர் தம் முதலாளியிடமே போய்க் கேட்க வேண்டும். கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி வாய் திறக்காதவர்களை எங்கள் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

மாணிக்கவாசகம் அமைச்சராக இருந்தபோது, 1969இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1971இல் சொக்சோ அமைந்தது. பலரின் சந்தாவைப் பொது நிதியாகச் சேர்த்து, விபத்துக்குள்ளானவருக்கு அதிலிருந்து வழங்குவதே இதன் அடிப்படை. ஜெர்மனியில் 1884இலேயே இத்தகைய விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்துவிட்டது. 1970இல் ஜெனிவாவில் நடந்த அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டுக்கு மாணிக்கவாசகமே தலைமை தாங்கினார்.

மாணவர்களே, இந்தச் சட்டம் தரும் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையில் காயம்பட்டு, விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள்களுக்கு வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் எம்.சி. கொடுத்தால், தற்காலிக இயலாமை உதவித்தொகை கிடைக்கும். சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு அது. குறைந்தபட்சம் நாளுக்கு 30 ரிங்கிட். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய நாளுக்கு இது கிடையாது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் உண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. வேலை விபத்துத் திட்டத்துக்கான சந்தாவை முழுவதும் செலுத்துபவரும் அவரே.

இந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒரே நாளில் எட்டிவிடவில்லை. அதே காலத்தில் வந்த வேலை பெர்மிட் விதியால், குடியுரிமை பெறாத நம்மவர் பலர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அந்நியத் தொழிலாளர்கள் 2019 முதல் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வருகிறார்கள்.

1973இல் ம.இ.கா. தலைவரான மாணிக்கவாசகம், 1979 அக்டோபரில் 53 வயதில் காலமானார். அவர் காலத்துச் சட்டமோ இன்றும் நடப்பில் உள்ளது.

எஸ்.பி.எம். முடித்துக் கடையிலோ தொழிற்சாலையிலோ பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள், சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். அடிபட்டால், சிறு காயம்தானே என்று விட்டுவிடாமல் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், எம்.சி.யைப் பத்திரப்படுத்துங்கள். இது யாரும் இரக்கப்பட்டுத் தரும் பணமன்று. உங்கள் உழைப்புக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு.